கோழிக்கு விழுந்த ஏச்சு

மொழி, தொடர்பாடல், பண்பாடு என்று மூன்று பெரிய சொற்களை ஒன்றாகக் கட்டிய பட்டப்படிப்பு ஒன்று இருக்கிறது. அதைப் படிக்கத்தான் வட்டக்கச்சியில் இருந்து கடல் தாண்டிப் போனேன். ஊருக்கு அதை விளங்கப்படுத்துவது விசா எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. சந்திக் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கதைக்கப் படிக்கப் போறாய். ஏன் பிள்ளை, இஞ்ச ஒருத்தரும் கதைக்கிறேல்லையோ?" என்றார். அம்மா வெட்கம் தாங்காமல், மகள் கம்பியூட்டர் படிக்கிறாள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அதனால் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சனம் பழுதாய்ப்போன போன்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கும். நானும் நிற்பாட்டித் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். சிலது வேலை செய்யும். என் படிப்பின் பயன் என்று ஊர் கண்ணால் கண்டது அது ஒன்றுதான்.

அங்கே வகுப்பில் எனக்கு வேறு உத்தியோகம். உலகத்தில் நேராகச் சொல்லும் பண்பாடுகளும் சுற்றி வளைத்துச் சொல்லும் பண்பாடுகளும் இருக்கின்றன என்று விரிவுரையாளர் படம் கீறிக் காட்டுவார். சுற்றி வளைப்பவர்கள் என்றதும் வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்க்கும், மிகுந்த மரியாதையோடு. அந்த மரியாதைதான் கூடக் கடுப்பேற்றியது. எனக்குக் கோப்பி வேண்டாம் என்று ஒருநாள் நேராகச் சொன்னபோது எல்லோரும் எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள்.

பிணக்குத் தீர்த்தல் என்றும் ஒரு பாடம் இருந்தது. சண்டைக்காரர் இருவரையும் எதிரெதிரே இருத்தி, 'நீ இப்படிச் செய்தபோது எனக்கு இப்படி இருந்தது' என்று மாறி மாறிச் சொல்லவைத்தால் மனத்தாங்கல் கரைந்துவிடுமாம். அதில் வகுப்பிலேயே எனக்குத்தான் கூடப் புள்ளி. அந்தப் புள்ளிகளையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் போன விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அம்மாவும் சின்னம்மாவும் கதைப்பதில்லை. சின்னம்மா அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அடுத்த வளவு, இடையில் கிளைத்தடிகள் நட்ட ஒரு கதியால் வேலி. அப்பா போனபிறகு அம்மாவுக்கு அருகில் இருக்கும் ஒரே சொந்தம் அவர்தான். புதுவீடு கட்டிக் குடிபுகும்போது, ஊருக்கெல்லாம் அனுப்பியதுபோல அம்மாவுக்கும் அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். நல்ல காரியம் என்றால் வீடு தேடி வந்து வாயால் சொல்லவேண்டும். சொல்லாத வீட்டுக்கு எங்கள் ஆட்கள் போகமாட்டார்கள், அது வேலியால் எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருந்தாலும் சரி. அம்மா போகவில்லை. அக்கா வராமல் பால் காய்ச்சிய கோபம் சின்னம்மாவுக்கு. அன்றோடு கதை நின்றது.

நின்றது என்றால் நேர்க்கதை. அம்மா விடிய எழும்பியதும் முற்றத்துக் கோழிகளை ஏசத் தொடங்குவார். வாட்ஸ்அப்பில் கூவுகிற கோழிக்கெல்லாம் இங்கே தீன் இல்லை என்பார். உடனே வேலிக்கு அந்தப் பக்கம் சின்னம்மா தன் பசுவிடம், கூப்பிட்டும் வராததுகள் கூப்பிடவில்லை என்று அழுதால் நான் என்னடி செய்வது என்று கேட்பார். வெயில் ஏறும்வரை இந்தச் சாடைக்கதை நடக்கும். பாவம், கோழியும் பசுவும் தங்கள் குற்றம் என்னவென்று தெரியாமலே வளர்ந்தன. படித்த பிள்ளையான எனக்கு இது பொறுக்கவில்லை.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டினேன். சின்னம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, மாமரத்தின் கீழ் இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டு, தேநீரும் வைத்து, விதிகளை விளங்கப்படுத்தினேன். முதலில் பாடம் நன்றாகத்தான் போனது. போனில் அழைப்பு வந்தபோது பிறத்தியாள்போல இருந்தது என்றார் அம்மா. நீங்கள் வராதபோது தாய் தகப்பன் இல்லாத பிள்ளைபோல நின்றேன் என்றார் சின்னம்மா. நான் விரிவுரையாளரைப் போலவே தலையை ஆட்டினேன். அது தந்த துணிவோ என்னவோ, சின்னம்மா மிச்சத்தையும் நேராகவே சொன்னார்.

"மகளையும் வெளிநாட்டுக்கு அனுப்பிப்போட்டுத் தனிய கிடக்கிறது நீங்களாத் தேடினதுதானே அக்கா. ஆரின்ர சொல்லும் கேக்காத ஆளுக்கு இப்பிடித்தான் வரும்."

கோழிக்குச் சொல்லியிருந்தால் அது கோழியோடு போயிருக்கும். அம்மாவும் அதைவிடக் காரமாக ஒன்றைக் கோழிக்கே சொல்லியிருப்பார். முகத்துக்கு நேரே விழுந்த சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது? அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். சின்னம்மா படலையைத் திறந்துகொண்டு போனார். தேநீரில் எறும்பு மிதந்தது. பிணக்கு இனிதே தீர்ந்தது.

அடுத்தநாள் விடிய முற்றத்தில் சத்தமே இல்லை. அம்மா வாய் திறக்காமல் கோழிகளுக்குத் தீன் போட்டார். அந்தப் பக்கம் பசுவும் ஏச்சு வாங்காமல் நின்றது. பிறகு வந்த நாட்களும் அப்படியே. பரவாயில்லை, ஊர் அமைதியாகிவிட்டது என்று நான் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். அம்மா பிரசருக்கு விழுங்கும் குளிசை முடிந்திருப்பதைக் கண்டபிறகுதான், இவ்வளவு காலமும் இதை யார் வாங்கித் தந்தது என்று கேட்கத் தோன்றியது. குளிசை முடியப்போகிறது என்று கோழியிடம் சொன்னால், சின்னம்மா கிளிநொச்சிக்குப் போகும்போது வாங்கிவந்து ஒரு பையில் போட்டுக் கதியாலில் கொழுவிவிடுவாராம்.

போன மாரியில் தான் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததையும் அம்மா அப்போதுதான் சொன்னார். எனக்குப் போனில் மறைத்த கதை. அன்று காலை கோழிக்கு ஏச்சு விழவில்லையே என்றுதான் சின்னம்மா வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தாராம். தூக்கி இருத்தி, காலுக்கு எண்ணெய் பூசி, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாராம்.

"இனி அவளுக்கு என்னெண்டு தெரியும்?" என்றார் அம்மா. "நான் விழுந்தாலும் விழாட்டிலும் முற்றம் ஒரே மாதிரித்தானே கிடக்கும்."

மறுநாள் நான் விமானம் ஏறவேண்டும். பின்னேரம் சின்னம்மா வீட்டுக்குப் போய் நேராகவே கெஞ்சினேன். அவர் எனக்குப் புட்டும் மீன்குழம்பும் போட்டுத் தந்தார். இன்னும் கொஞ்சம் குழம்பு விடவா என்று மட்டும் கேட்டார்.

காலையில் விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகும் வான் வந்து வீட்டு ஒழுங்கையில் நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு, வேறு வழி தெரியாமல் வேலியோரம் போய் நின்றேன். கண்ணில் பட்ட சிவப்புக் கோழியை ஏசத் தொடங்கினேன்.

"ஏய் கோழி, கேக்குதோ? நான் இண்டைக்கு வெளிக்கிடுறன். உனக்குத் தீன் போடுற மனிசி இனித் தனிய. விழுந்து கிடந்தாலும் பாக்க ஆளில்லை. என்ர கொழுத்த படிப்பாலதான் இப்பிடி ஆச்சு. எனக்குப் பயமாக் கிடக்கு."

ஏசுவதற்கு வேண்டிய தொனியை அங்கே வகுப்பில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. குரல் பாதியில் உடைந்துவிட்டது. கோழி ஒரு கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு மண்ணைக் கிளறப் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் அசைவே இல்லை. வான்காரர் ஹோன் அடித்தார்.

பிறகு வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆடாமல் நில்லடி," என்றார் சின்னம்மா, பசுவிடம். "கதைக்கப் படிக்க எண்டு கடல் தாண்டிப் போனது இப்பதான் கதைக்கப் பழகுது. எனக்கு ஒண்டும் காது செவிடில்லை. ஏச வேண்டிய ஆள் ஏசினால்தானே கேக்கும்."

திரும்பிப் பார்த்தேன். அம்மா குசினி வாசலில் நின்றார். இறங்கி வந்து, என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காது மட்டும் நல்லாக் கேக்குமாம்," என்றார் கோழியைப் பார்த்து. "குளிசை முடிஞ்சது மட்டும் தெரியாதாம்."

அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது. அம்மா அதற்கும் ஒன்று வைத்திருந்தார். என்னை வழியனுப்ப ஒருவரும் படலைக்கு வரவில்லை. வான் ஒழுங்கை திரும்பும்வரை இரண்டு பக்கத்து ஏச்சும் கேட்டுக்கொண்டே இருந்தது.