ஏழு தண்ணீர்

ஈரக் களிமண் வாசனையைப் பற்றி யாராவது ஆசையாகப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். முதல் மழைக்குக் கிளம்பும் மண்வாசனை வேறு. நான் சொல்வது விருத்தாசலத்துப் பீங்கான் பாக்டரியில் கரைத்து, துணியில் ஊற்றிப் பிழிந்த களிமண்ணின் வாசனை. புளித்த மாவையும் சுண்ணாம்பையும் சேர்த்து வைத்ததுபோல அது மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டுச் சோற்றிலும் அது இருந்தது, என் பாவாடையிலும் இருந்தது. அந்தத் துணியை வைத்துத்தான் எங்கம்மா ஒட்டுப் போர்வை தைத்தாள்.

பாக்டரியில் களிமண் கரைசலைத் தடித்த காடாத்துணியில் கட்டி இறுக்கித் தண்ணீரைப் பிழிந்துவிடுவார்கள், மண் உள்ளே தங்கிவிடும். சில மாதம் போனதும் துணி நைந்து கிழியும். கிழிந்ததை வெளியே தள்ளிவிடுவார்கள், அம்மா போய் எடுத்து வருவாள். தண்ணீரில் முக்கினால் பால் கறந்ததுபோல வெள்ளை ஓடும் என்பதால் நாங்கள் அதற்கு வைத்த பெயர் "பால்துணி". அலசி அலசி மண் போனபிறகு அது பஞ்சுபோல மெத்தென்று ஆகிவிடும். போர்வையின் மேலும் கீழும் வண்ணத்துணி, நடுவயிற்றில் இரண்டு மடிப்பாகப் பால்துணி. அதனால்தான் அம்மாவின் போர்வை மற்றவர்கள் தைப்பதுபோல நாலு மாதத்தில் சப்பையாகிப் போகாது.

அம்மாவின் பெயர் அஞ்சலை. அப்பா சேத்தியாத்தோப்புப் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு இந்தக் கட்டுரையில் இவ்வளவு இடம் போதும்.

கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த பாய் ஒருவர் வெட்டி மிஞ்சிய துண்டுத்துணிகளை அம்மாவுக்கென்று கோணியில் போட்டு வைப்பார். அவற்றை வீட்டுத் தரையில் பரப்பிவிட்டாளென்றால் நாலு நாளைக்கு எனக்கு நடக்க இடம் கிடையாது. ஊசி எடுக்க மாட்டாள். துண்டுகளை இங்கே தள்ளுவாள், அங்கே தள்ளுவாள், கவிழ்த்துப் போட்ட உரலின்மேல் ஏறி நின்று மேலிருந்து பார்ப்பாள். "இந்தப் பச்ச ரொம்பக் கத்துது, தூக்கு அத" என்பாள். நான் தூக்குவேன். "இப்ப அந்த மஞ்ச ஊமையாயிடிச்சு, மறுபடி வையி" என்பாள். சோறு பொங்குவது மறந்துபோகும். பசிக்கிறது என்று சொன்னால் எரிந்து விழுவாள். வண்ணம் பொருந்தாத நாட்களில் அவள் பக்கத்தில் இருப்பது அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பது மாதிரி. பொருந்திவிட்டால் மட்டும் சட்டென்று முகம் இளகி, "ம், உக்காந்துடிச்சு" என்று உரலைவிட்டு இறங்குவாள். இத்தனையும் செய்தவளை ஊர் எப்படிக் கூப்பிட்டது தெரியுமா? "கந்தல்காரி". தன் பிள்ளை புரளுவதற்கு அவள் தைத்த போர்வையைக் கேட்டு வந்து நின்றவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பால்துணி அலசுவது என் வேலை. மணிமுத்தாற்றுக்குக் கொண்டுபோய் ஏழு தண்ணீர் அலச வேண்டும். ஒவ்வொரு தண்ணீருக்கும் கல்லில் அடித்துப் பிழிய வேண்டும். ஏழாவது தண்ணீர் துணியைப் பிழிந்தால் கண்ணாடிபோல இறங்கும். அதன்பிறகு காயவைத்துக் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும், புகை கிளம்பக் கூடாது. "மண்ணு உள்ள நின்னுச்சின்னா காஞ்சி பொடியாயிடும், படுக்குறவங்க மூக்குல போயிடும், ஏழுக்கு ஒண்ணு கொறைக்காத" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவாள். ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டுவேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினோரு வயது. அரிசி மண்டிக்காரர் வீட்டு மகள் வசந்தா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று ஒரு நூல்கூடக் கோர்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த பிறகு, வீட்டுப் பெரியவர்கள் உடுத்தி நைந்த துணியில்தான் முதல் படுக்கை. அதுவும் பதினாறாம் நாள் தொட்டில் போடுவதற்குள் கையில் இருக்க வேண்டும். ஆக, பிள்ளை அழுத அன்றைக்குத்தான் மண்டிக்காரம்மா பழைய புடவைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பதினைந்து நாளில் தொட்டில் போர்வை. அதுவும் மண்டி வீடு. அங்கே நன்றாக அமைந்தால் கடைத்தெரு முழுக்க வீட்டுக்கு வீடு அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

புடவைகள் எல்லாம் அரக்கும் கருநீலமும் பாக்குநிறமும். உரலின்மேல் ஏறுவதும் இறங்குவதுமாக ஐந்து நாள் போய்விட்டது. ஆறாம் நாள் காலையில் அம்மா சொன்னாள்: "நடுவுல ஒரு வெள்ள வேணும்டி. கண்ணு போயி உக்கார ஒரு எடம் வேணுமில்ல." புடவைகளில் வெள்ளை இல்லை. பாய் கடை வெள்ளையில் நீலம் அடித்தது. கடைசியில் அவள் பால்துணியைத்தான் பார்த்தாள். பீங்கான் நிறத்தில், எலுமிச்சைப் பூ மாதிரி ஒரு வெள்ளை. "போ, புதுசா ஒரு துணி இருக்குது, ஏழு தண்ணி அலசி வெயிலுக்குள்ள கொண்டா. நடுவுக்கும் அதான், வயித்துக்கும் அதான்" என்றாள்.

ஆற்றில் மூன்றாவது தண்ணீர் அலசிக்கொண்டிருந்தபோது தெருப்பிள்ளைகள் கரையில் ஓடினார்கள். பாக்டரியில் சூளை பிரித்துவிட்டார்களாம், உடைந்த பொம்மைகளைக் கொட்டுகிறார்களாம். முந்திப் போனவர்களுக்குத்தான் முழுசாகக் கிடைக்கும். நான் துணியைப் பிழிந்து பாறையில் விரித்துப் போட்டுவிட்டு ஓடினேன். பிழிந்த தண்ணீர் இன்னும் மோர் மாதிரி இருந்தது. பார்த்துவிட்டுத்தான் ஓடினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

எனக்குக் காலில்லாத ஒரு குதிரை கிடைத்தது.

துணியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா விரலால் தேய்த்துப் பார்த்தாள். "என்னாடி மொடமொடன்னு இருக்குது?"

"வெயில்ல காஞ்சதும்மா."

"ஏழு ஆச்சா?"

"ஆச்சு."

குச்சியால் தட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். தட்டவில்லை. ஒன்பது நாள்தான் பாக்கி, தவிர, நான் ஒருநாளும் பொய் சொல்லியதில்லை. உட்கார்ந்து தைக்கத் தொடங்கிவிட்டாள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி, அரிசி நீளத்துக்கு ஒரு தையல், இரண்டுக்கும் இடையில் அரிசி நீளத்துக்கு ஒரு இடைவெளி. பதினைந்தாம் நாள் முடிந்தது. அதைப்போல ஒரு போர்வையை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. கறுத்த நிறங்களெல்லாம் வட்டம் போட்டு நிற்க, நடுவில் சின்ன வெள்ளைச் சதுரம் விளக்குப்போல இருந்தது. அம்மா உரலின்மேல் ஏறிப் பார்த்தாள். இறங்காமல் வெகுநேரம் நின்றாள்.

தொட்டில் போட்ட மூன்றாம் நாள் மண்டியிலிருந்து ஆள் வந்தது. "ஒங்க ரெண்டு பேரையும் கையோட கூட்டியாரச் சொன்னாங்க."

கூடம் நிறையப் பெண்கள். வசந்தா மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். போர்வையில் போட்டால் பிள்ளை தும்முகிறதாம், இருமி இருமிக் கண் சிவந்து மூச்சு இழுக்கிறதாம், மடிக்கு எடுத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறதாம். இரண்டு நாளாக இதே கதை. மண்டிக்காரம்மாவின் நாத்தனார் ஒருவர் வேப்பூரிலிருந்து வந்திருந்தார். அவர்தான் போர்வையைக் கூடத்தின் நடுவில் விரித்து, கால் பெருவிரலால் வெள்ளைச் சதுரத்தைக் காட்டினார்.

"இது எந்த வூட்டுப் புடவை? நாங்க குடுத்ததுல வெள்ள இல்லியே."

"அது புடவையில்லீங்க, பாக்டரித் துணி" என்றாள் அம்மா.

"பாக்டரித் துணியாம்! தாலியறுத்தவ கட்டுன வெள்ளையக் கிழிச்சி நடுவுல வச்சிருக்கா, புள்ள மூச்சு வாங்காம என்னா செய்யும்? புருசன் வுட்டுட்டுப் போனவகிட்ட புள்ளைக்குத் துணி தைக்கக் குடுத்தா இப்டித்தான். ஒங்களுக்கு வேற ஆளே கெடைக்கிலியா அண்ணி?"

மண்டிக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை ஏன் இருமுகிறது என்று அந்தக் கூடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

நாத்தனார் அரிவாள்மனையை எடுத்துவரச் சொன்னார், கிழித்துப் பார்த்துவிடலாம் என்று. அம்மா போர்வையின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந் தையல நாந்தான் பிரிப்பேன். யாரும் கை வைக்காதீங்க. ஒரு பிளேடு குடுங்க."

பிளேடு வந்தது. ஒன்பது நாள் தைத்ததை ஓரத்திலிருந்து ஒவ்வொரு தையலாகப் பிரிக்கத் தொடங்கினாள். சரக்கென்று இழுக்கவில்லை. ஒரு நூல் அறுப்பாள், ஊசிமுனையால் தூக்குவாள், உருவுவாள், அடுத்த நூல். "அய்யே, சீக்கிரம் ஆவட்டும்மா, நாங்க ஒல வைக்க வேணாமா" என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். அம்மா நிமிரவில்லை. பிரிப்பதும் தைப்பதுபோலத்தான் இருந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து சொல், சொல் என்று எனக்குள்ளேயே அலறிக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. பிரியப் பிரிய அவள் விரல்கள் வெள்ளையாகிக்கொண்டு வந்தன. ஒரு தரம் விரல்நுனியைப் பார்த்தாள். கை நின்றது. மறுபடி பிரித்தாள்.

உள்ளே இருந்த துணியை இழுத்து ஓரத்தைக் காட்டினாள். பாக்டரியின் கறுப்பு மை முத்திரை பாதி அழிந்து அதில் இருந்தது. "பாத்துக்குங்க. அறுத்தவ துணியா இது? நல்லாப் பாருங்க." சொல்லிக்கொண்டே உதறினாள். சன்னலிலிருந்து விழுந்த வெயிலில் வெள்ளைப் பொடி புகையாகக் கிளம்பியது. முன்வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் இருமினார்கள்.

நாத்தனார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "அறுத்தவ துணியாயிருந்தாக்கூட தேவல. மண்ணையில்ல வச்சித் தச்சிருக்கா!"

"பச்சப் புள்ளையாச்சே அஞ்சல, அலசக்கூட முடியாதா ஒனக்கு?" என்று மண்டிக்காரம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"நாந்தான் அலசல. அவசரத்துல வுட்டுட்டேன். எந் தப்புதான்."

பிரித்த போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். பாதி வழியில், திரும்பாமலேயே கேட்டாள்.

"எத்தினி தண்ணி?"

"மூணு."

வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆற்றுக்குப் போனாள். நான் துணியின் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். "தொடாத" என்றாள். பாக்கி நாலு தண்ணீரையும் அவளே அலசினாள். கடைசியில் பிழிந்தபோது தண்ணீர் கண்ணாடிபோல இறங்கியது. அதை நான் பார்க்கும்வரை பிழிந்துகொண்டே நின்றாள். அடிக்கவில்லை. அதற்கப்புறம் பால்துணி அலச என்னை அனுப்பவும் இல்லை. குதிரையை நான் ஆற்றில் போட்டுவிட்டேன். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

போர்வையில் போடுவதை நிறுத்தியதும் பிள்ளை இரண்டு நாளில் தேறிவிட்டது. அம்மாவின் பெயர் தேறவில்லை. "மண்ண வச்சித் தைக்கிறவ" என்று கடைத்தெரு முழுக்கப் பரவி, தொட்டில் போர்வைக்கு அவளை யாரும் கூப்பிடாமல் போனார்கள். வேப்பூர் ரோட்டில் நிற்கும் லாரிக்காரர்களுக்குச் சீட்டுமேல் போடும் மெத்தை தைத்தாள். அதற்கும் உரலின்மேல் ஏறித்தான் பார்த்தாள். அதிலும் நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம் வைத்தாள். டிரைவருக்கு எதுக்கும்மா அது, அதன்மேலே உட்காரத்தானே போகிறான் என்று கேட்டேன். "ஒக்காரதுக்கு முந்தி ஒரு தடவ பாப்பான்ல" என்றாள்.

பெரியவளான பிறகு ஒருநாள் தைரியம் வந்து, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வேல தெரியாதுன்னு சொன்னா மறுபடி தச்சிக் காட்டுவேன். ஒன்னயப் பொய்க்காரின்னு சொல்லிட்டா, நான் எதைத் தச்சிக் காட்டுறது?"

தொட்டில் போர்வையை மறுபடி தைத்துக் காட்ட அவளுக்கு யாரும் ஒரு வாய்ப்பும் தரவில்லை. அவள் போய்ப் பல வருடம் ஆகிறது. அந்தப் பாக்டரியின் கூரைமேல் இப்போது செடி முளைத்திருக்கிறது. மணிமுத்தாற்றில் ஏழு தண்ணீர் அலச ஒரு தண்ணீர்கூட இல்லை. பிரித்த போர்வையை அம்மா மறுபடி சேர்க்கவில்லை. பெட்டியில் மடித்து வைத்திருந்தாள், இப்போது அது என்னிடம் இருக்கிறது.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். ஐம்பது தாண்டிய மனிதர், தொப்பையும் வெள்ளை மீசையுமாக. பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இவங்கம்மாதான் பொறந்த பதினெட்டாம் நாளே என்னக் கொல்லப் பாத்தவங்க. அலசாமத் தச்சிக் குடுத்துட்டாங்க!" என்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இலையில் சோற்றை வைத்துக்கொண்டு, அறுபது வயது தாண்டியும், மறுபடியும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பிள்ளையாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன், அவரும் படிக்கட்டும். எங்கம்மா அலசாமல் தைத்தவள் இல்லை. அலச வேண்டியவள் நான். மூன்றாவது தண்ணீரோடு எழுந்து ஓடினேன்.