பெட்டி மாட்டிய இடம்

எந்தக் கழிப்பறை வாசலைக் கண்டாலும் நாகஜோதிக்கு நதியாவின் முகம் வந்து நிற்கிறது.

பனியன் கம்பெனிப் பெண்களுக்காகப் புகார்ப் பெட்டி வைக்கும் தொண்டு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. பெட்டியால் பலன் உண்டா என்று பார்த்து எழுத வேண்டும். அவளே பத்து வருஷம் ஓவர்லாக் மிஷினில் தைத்தவள். தனக்குத் தெரியாததா என்ற அந்த நினைப்புதான் கெடுத்தது.

முதல் கம்பெனியில் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டினார்கள். சீட்டுகள் குவிந்தன, அத்துமீறிய சூப்பர்வைசர் வெளியேறினான். அடேயப்பா, அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை! அவிநாசிபாளையம் பக்கத்துக் கம்பெனியிலும் அதே இடத்தில் மாட்டச் சொன்னாள். மூன்று மாதத்தில் வந்தது ஒரே சீட்டு. பிரச்சினை இல்லை என்று எழுதித் தொலைத்தாள்.

அதை நம்பி நாற்பது கம்பெனிகளுக்குப் பெட்டி செய்ய ஆர்டர் தயாரானது. அந்த ஒரே சீட்டைப் போட்டவளைப் பேட்டி எடுக்கலாமென்று கம்பெனி கேட்டில் விசாரித்தாள். பெயரில்லாத சீட்டு அது. ஆனால் எல்லாருக்கும் பெயர் தெரிந்திருந்தது. வீட்டு விலாசம் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

சீட்டுப் போட்டதால் வேலை போன நதியா, வீட்டில் உட்கார்ந்து பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அங்க டோக்கன் வாங்காம பாத்ரூம் போக முடியாதுக்கா. பேரு, நேரமெல்லாம் நோட்டுல எழுதுவாங்க. ஒவ்வொருத்தி திரும்புனதும் சூப்பர்வைசர் போய்ப் பெட்டிய ஆட்டிப் பாப்பாரு. நான் திரும்புனப்ப உள்ள சீட்டுச் சத்தம் கேட்டுச்சு.” கத்தரியை நிறுத்தாமலே கேட்டாள். “நீங்களும் வந்தீங்களேக்கா, எந்த பாத்ரூம் போனீங்க?”

நாகஜோதி போனது ஆபீஸ் கழிப்பறைக்கு.

மறுநாள் தொண்டு நிறுவன மேலாளர் அருள்செல்வன் அவசரப்படுத்தினார். “பெட்டி வேலை செஞ்சுதுங்களா, இல்லீங்களா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.”

“யாருக்கு, எந்த இடத்துலன்னு கேளுங்க சார். மொதக் கம்பெனில சீட்டுப் போட வச்சது பெட்டியில்ல, யாரும் பாக்கலங்கற தைரியம். ரெண்டாவதுல அது இல்ல. நான் எழுதுனது தப்பு. ஒரு பொண்ணோட பொழப்பு போச்சு.”

ஆர்டர் நின்றது. நதியாவை மட்டும் எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இப்போது புதுக் கம்பெனிக்குப் போனால் நாகஜோதி முதலில் டோக்கன் வரிசையில்தான் நிற்கிறாள். போன வாரமும் நின்றாள்.

“மேடம், உங்களுக்கு ஆபீஸ்ல பாத்ரூம் இருக்குதுங்க” என்றார் சூப்பர்வைசர்.

“பரவாயில்ல, எனக்கும் டோக்கன் குடுங்க.”

அவர் நோட்டைப் பிரித்தார். “பேரு என்னங்க?”

“நதியா” என்று வாயில் வந்துவிட்டது. அவர் எழுதிக்கொண்டார்.