வருகிற விமானத்துக்கு டாட்டா

மண்ணெண்ணெய் வாசனை என்றால் பலருக்கு ரேஷன் கடை வரிசைதான் நினைவுக்கு வரும். எனக்கோ பழைய விமான நிலையத்தின் மதில் சுவரும், விமானம் கக்கிய அதே நெடியோடு தலைமுடியைக் கலைத்துப் போட்ட சூடான காற்றும், வேகவைத்த வேர்க்கடலையும்தான் நினைவுக்கு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கன்னடம் பேசும் ஊரில், தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்தில் இருந்தோம். ஒரு வீட்டில் தாளித்தால் பக்கத்து வீட்டில் தும்முகிற அளவுக்கு நெருக்கமான சந்து. அந்த வருடம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வராமலே போய்விட்டான். "பச்ச உடம்பு, அழக் கூடாது" என்று அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை சொல்ல, "ஆமா, உடம்புக்கு ஆகாது" என்று அக்கம்பக்கத்துப் பெண்களும் சொல்ல, அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டு அம்மா அழுகையை நிறுத்தினாள். அதோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள். சோறு ஆக்குவாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள், கேட்டதற்குத் தலையாட்டுவாள். இனிமேல் அம்மா இப்படியேதான் இருப்பாளோ என்று பயந்து, நான் பள்ளிக்கூடத்தில் சிரிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். அப்பா கோயில், டாக்டர், மைசூர் பாக்கு என்று தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்து பார்த்துவிட்டு ஓய்ந்து போனார்.

அப்போதுதான் அம்மாவின் தம்பி சேகர் மாமாவுக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்தது. பம்பாய் போய் அங்கிருந்து போகவேண்டும். அந்த நாளில் ஒருவர் வெளிநாடு கிளம்பினால் அவரை "ஏத்திவிட" சந்தே கிளம்பும். ஒரு வேனில் ஆள் மேல் ஆள் உட்கார்ந்து, புளிச்சாதப் பொட்டலங்களோடு புறப்பட்டோம். அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றினோம். விமான நிலைய வாசலில் மாமா உள்ளே போனதும் எங்களுக்குக் கண்ணாடிக் கதவைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்து விமானத்தைப் பார்க்காமல் போவதா என்று எல்லாருக்கும் ஆதங்கம். "சுத்திக்கிட்டு முருகேஷ்பாளையம் பக்கம் போனா மதிலாண்ட நல்லாத் தெரியும், வாங்க, நான் காட்றேன்" என்றார் அப்பா. அவரும் அதுவரை விமானத்தை வானத்தில் புள்ளியாக மட்டுமே பார்த்தவர்தான்.

சுவரோரம் எங்களைப்போல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர். அப்பா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில், "இதோ, நம்ம சேகர் ஃப்ளைட்டு!" என்று கத்தினார். முதலில் மேற்கே ஒரு வெளிச்சம் மட்டும். அது வரவர வளர்ந்து, சட்டென்று எங்கள் தலைக்கு மேல் ஆகாயமே தெரியாதபடி விமானத்தின் வயிறு வந்து நின்றதுபோல் இருந்தது. கீழே தொங்கிய சக்கரங்களின் அழுக்குக்கூடத் தெரிந்தது. அந்தச் சத்தத்தை நான் நெஞ்செலும்பில் உணர்ந்தேன். பயமும் சந்தோஷமும் கலந்து உடம்பெல்லாம் புல்லரித்தது. கர்ச்சீப்பையும் துண்டையும் ஆட்டி "டாட்டா சேகரு!" என்று எல்லாரும் கத்தினோம், அத்தை மூக்கைச் சிந்தினாள்.

பக்கத்தில் கடலை தின்றுகொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பரிதாபமாகப் பார்த்து, "இது பரோ ப்ளேனு, ஹோகோதல்ல" என்றாள். இது வருகிற விமானம், போகிறதல்ல என்று கன்னடத்தில் சொன்னது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. அப்பா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏங்க, வர்றவங்களுக்கா இவ்ளோ நேரம் டாட்டா காட்டினோம்?"

கேட்டது அம்மா. முந்தானை தோளிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல், இன்னும் அண்ணாந்தபடியே நின்றிருந்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிற்க முடியாமல் மண்ணிலேயே உட்கார்ந்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது. அத்தை வாயைத் திறப்பதற்குள், "விடுக்கா, அழட்டும்" என்றார் அப்பா.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "அந்த மதிலாண்ட போலாமா?" என்று அம்மாவே கேட்டாள். பஸ் மாறி மாறி எத்தனையோ ஞாயிறுகள் போனோம். பிரமித்து நிற்பது மனசுக்கு நல்லது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அம்மா பஸ்ஸில் என்னோடு பேசிக்கொண்டே வருவாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்போது விமான நிலையம் ஊருக்கு வெளியே எங்கோ போய்விட்டது. பயணிகள் விமானம் வந்து இறங்குவதைப் பார்க்க அந்தச் சுவரோரம் குழந்தைகளோடு நிற்பவர் யாரும் இல்லை. ஏத்திவிடுவது என்றால் வாசலில் கார் நிற்கிற அரை நிமிடம்தான்.

சென்ற மாதம் காபியை ஆற்றிக்கொண்டே அம்மா தானாகச் சொன்னாள்: "நீங்கள்லாம் சேகருக்கு டாட்டா காட்டினீங்க. நான் உன் தம்பியப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவ்ளோ பெருசு ஒண்ணு தலைக்கு மேல வந்தப்போ, என் துக்கம் சின்னதாயி ஒரு ஓரமா நின்னுச்சுடி. கூப்பிடத் தைரியம் வந்துச்சு."

"அவனுக்குப் பேரே வெக்கலையேம்மா?"

"நான் வெச்சிருந்தேன்" என்றாள். பிறகு அந்தப் பெயரை எனக்கும் சொன்னாள்.