ஓகே அழுத்தும்வரை

இது நடந்தது. நம்பாதவர்கள் எங்கள் ஊர் திகாம் பத்துவுக்கு வந்து அம்மாசி அண்ணனின் வலது கையைப் பாருங்கள். கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

அவர் வேலை செய்தது இங்குள்ள ரப்பர் மில்லில். உறைந்த ரப்பர்பாலை இரண்டு இரும்பு ரோலர்களுக்கு நடுவே விட்டு நசுக்குவார்கள். என் மனைவி காஞ்சனா அங்கேதான் வேலை பார்த்தாள். மார்ச்சில் அவள் கூந்தலை ரோலர் இழுத்தது. பிறகு தலையை. ரோலரை ஒட்டியே இருக்கும் கணினித் திரையில் ஆபரேட்டர் தர்மலிங்கம் அண்ணன் ‘நிறுத்து’ பொத்தானைத் தட்டினார். வேலை செய்யவில்லை. மேலே ஓர் அலர்ட் பெட்டி நின்றிருந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் அலர்ட் அப்படித்தான். பெட்டியில் ஓகே அழுத்தும்வரை அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் அசையாது. அடுத்த வரி ஓடாது.

நான் புரோகிராமர். அந்த விபத்துக்குப் பிறகு அலர்ட்டுகளை எடுத்துவிடச் சொல்லி மில்லில் கேட்டார்கள். எடுத்தேன். சூடு, வேகம் என்று வெறும் எந்திர எச்சரிக்கைகள். மறுபடி தேடினேன். ஒன்றுகூட மிச்சமில்லை.

மதியம் 2:17. வெளியே மழை. சோதித்துப் பார்க்க ‘ஓட்டு’ பொத்தானை அழுத்தினேன்.

டிங்.

ஒரு பெட்டி. ‘டேய் தேவா.’

காஞ்சனா மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவாள். வீட்டில், யாரும் இல்லாதபோது.

“என்ன தம்பி, சுத்தல?” ரோலரின் மறுபுறமிருந்து அம்மாசி அண்ணன்.

“கொஞ்சம் இருங்கண்ணே.”

“சரிலா. காஞ்ச ரப்பர் துண்டு ஒண்ணு மாட்டியிருக்கு, எடுத்துர்றேன். எதையும் தொட்டுறாத, கை உள்ள இருக்கு!”

கேட்டது. தலையாட்டினேன்.

பெட்டி திரையில் இருக்கும்வரை ரோலர் சுழலத் தொடங்காது. ஆனால் ஓகே அழுத்தினால்தான் அவளுடைய அடுத்த வார்த்தை வரும்…

அழுத்தினேன்.

டிங். ‘சாப்டியா?’

அழுத்தினேன்.

டிங். ‘வலிக்குதுடா.’

அழுத்தினேன்…

பெட்டி வரவில்லை.

ரோலர் சுழன்றது.

முதலில் எலும்பு நொறுங்கும் சத்தம். பிறகுதான் அலறல். என் பக்கமாக, தட்டையாக, சிவப்பாக… விரல்கள் வந்தன.

‘நிறுத்து’வைத் தட்டினேன்.

டிங்.

‘டேய் தேவா.’

தர்மலிங்கம் அண்ணன் ஓடிவந்து மெயின் சுவிட்சை இறக்கினார். திரை அணைந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவரிடம் சொன்னேன். “அவதாண்ணே. அவதான் பேசினா.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “‘டேய் தேவா’ன்னு வந்துச்சா?”

நான் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“அன்னிக்கும் அதான் வந்துச்சு தம்பி. இத்தன நாளா சொல்ல வாய் வரல. மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. யாரும்மா இந்த தேவான்னு உன் பொண்டாட்டிகிட்டதான் கேட்டேன். ‘என் புருஷன்’னு சிரிச்சா. பாக்கக் குனிஞ்சா. முடி…”



அவள் உயிரோடு நின்று, சிரித்துக்கொண்டே படித்த வரி அது.