ஆறடிக்குள்

"மூச்சை விடுங்க. இன்னும் கொஞ்சம். அடிவயித்துல ஒளிச்சு வெச்சிருக்கீங்க பாருங்க, அதையும் விடுங்க."

அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த பெரியவர், கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல, வைத்திருந்ததையெல்லாம் வெளியே விட்டார். தோள்கள் ஒரு விரற்கடை இறங்கின. அந்த இறக்கத்துக்காகத்தான் ஸ்டூடியோ அக்கா காத்திருந்தார். கேமராவுக்குப் பின்னால் அல்ல, பக்கத்தில் நின்று, இடது கைக்குள் இருந்த ஒயர் பொத்தானை அழுத்தினார்.

"எடுக்கலாமா?" என்றார் பெரியவர், சிரிப்பைத் தயார் செய்துகொண்டே.

"அது அப்பவே எடுத்தாச்சு. இனிமே நீங்க தாராளமா சிரிக்கலாம்."

மருந்துக்கடைக்கு மேலே, பதினேழு படி ஏறினால் ஸ்டூடியோ. அதை நடத்துகிறவருக்கு ஐம்பத்து நான்கு வயது. எழுபதைத் தாண்டியவர்களும் ஸ்டூடியோ அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்குகிறது. கோட்டு இல்லாமல் வருகிற எல்லோருக்கும் அது பொது. ஒல்லியானவர்களுக்கு முதுகில் துணிக்கிளிப்பு போட்டு இறுக்குவார். முன்னால் பார்த்தால் அதிகாரி, பின்னால் பார்த்தால் துணி காயும் கொடி. கண்ணாடி மட்டும் கிடையாது. "கண்ணாடியப் பாத்துட்டு வந்தா மூஞ்சி இஸ்திரி போட்ட மாதிரி ஆயிடும். எனக்குக் கசங்குனதுதான் வேணும்."

கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படிக்கிறவர். "நான் மீட்டரோட நிறுத்திக்குவேன். இவ ஆளையே ரீடிங் எடுப்பா," என்பார். "எனக்குக் கல்யாணத்தன்னிக்கே எடுத்துட்டா. அதுக்கப்புறம் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லையாம்."

அக்காவுக்கு ஒரே ஒரு வேலைதான் பிடிக்காது. கல்யாணக் கூட்டத்துப் படத்தைக் கொண்டுவந்து, மூன்றாம் வரிசையில் நகக்கண் அளவே இருக்கும் தலையைக் காட்டி, "இவரைப் பெரிசு பண்ணிக் குடுங்க, நேத்து தவறிட்டாரு" என்பார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு தரம் கூட்டிவந்திருக்கலாமே என்பது நாக்கு வரைக்கும் வரும். விழுங்கிவிட்டு, இல்லாத கண்ணையும் காதையும் இரண்டு நாள் உட்கார்ந்து தேடிக் கொடுப்பார். செத்தால்தான் சுவரில் ஏற வேண்டுமா என்ற கேள்வி மட்டும் தொண்டையிலேயே நிற்கும்.

அந்தக் கேள்விக்கு ஊரில் ஒரே ஒரு பதில் இருந்தது. புகைப்படச் சங்கம் நூலக மாடியில் ஆண்டுக்கு ஒருமுறை வைக்கும் கண்காட்சி. அதில் மனித முகங்களுக்கென்று ஒரு சுவர். சங்கத்தில் அக்கா சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதல் பெண் உறுப்பினர், வெகுநாள் வரை ஒரே பெண் உறுப்பினர். போன வருடம் அந்தச் சுவருக்கு மூன்று படங்கள்தான் வந்தன. இரண்டு அக்கா எடுத்தவை. மூன்றாவது, ஒரு நாய்.

சங்கத் தலைவர் பல் டாக்டர். வாரம் ஆறு நாள் மனித வாயைப் பார்த்துச் சலித்து, ஏழாவது நாள் பறவைகளைப் படம் எடுக்கப் போகிறவர். இந்த வருடக் கூட்டத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூஞ்சி பாக்க யாரு வர்றா? போனைத் தொறந்தா ஒரு நாளைக்கு நாப்பது மூஞ்சி. அந்தச் சுவத்தையும் பறவைக்கே குடுத்துடலாம்."

"எத்தனை படம் வந்தா சுவரு நிக்கும்?"

"இருபத்தஞ்சு," என்றார் டாக்டர், அது நடக்கவா போகிறது என்ற தைரியத்தில்.

"எழுதிக்குங்க. ஆளுக்கு ஒரு படம். ஆறடிக்குள்ள நின்னு, கேட்டு எடுத்ததா இருக்கணும். என் படம் கணக்குல வேண்டாம். இன்னிலேர்ந்து ஆறாவது ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி."

எழுதிக்கொண்டார்கள்.

மறுநாளே அக்கா வேட்டையில் இறங்கினார். புதன்கிழமை தோறும், பறவையை மட்டுமே படமெடுக்கும் சங்கத்துப் பறவைக்காரர்களை ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கொக்குக்காக நாலு மணி நேரம் சேற்றில் கிடக்கிறவர்களுக்கு, எதிரே இருக்கும் ஆளை நாலு நிமிடம் பார்க்க முடியவில்லை. ஒருவர் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து படிக்கட்டுக்கே போய்விட்டார். "இங்க யாரும் பறந்துற மாட்டாங்க, கிட்ட வாங்க," என்று சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார் அக்கா. வராதவர்களை வீட்டுக்கே போய்ப் பிடித்தார். நாலாவது வாரம் ஒருவர் படத்தோடு ஓடிவந்தார்.

"அக்கா, எங்க வீட்டுக்காரிக்கு இடது புருவத்துக்கு மேல ஒரு மச்சம் இருக்குக்கா!"

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"பதினெட்டு."

"இன்னிக்குத்தான் பாத்தேன்னு அவங்ககிட்ட உளறித் தொலைச்சிராதீங்க."

ஆறாவது ஞாயிறு, நாலேகால் மணி. மாடியிலிருந்த சங்க அறையின் மேசைமேல் இருபத்தைந்து படங்கள் இருந்தன. டாக்டர் இரண்டு முறை எண்ணினார். அக்கா எண்ணவில்லை, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசிப் படம் கணக்கு வாத்தியாருடையது. கூட்டங்களில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து, பேர் சொல்லி அழைத்தால் காது சிவக்கிறவர். படத்தில், அறை ஜன்னலுக்கு எதிர்ச்சாரி நடைபாதையில் குடை விரித்து உட்காரும் சாவிக்காரர். குனிந்த தலை, கையில் அரம், மீசையில் பித்தளைத் தூள் மின்னுகிறது.

"முதல் பரிசு," என்றார் டாக்டர். பறவைக்காரர் வாயிலிருந்து அது வந்தது.

அக்கா மட்டும் படத்தைக் கீழே வைக்கவில்லை. பின்சுவர் சாவிக்காரரின் காதோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தூரத்திலிருந்து நீள லென்ஸில் இழுத்து எடுத்தால்தான் அப்படி நெருங்கி நிற்கும். முகத்தில், எதிரே ஒருவர் இருக்கிறார் என்ற சுவடே இல்லை.

"எங்கேருந்து எடுத்தீங்க?"

வாத்தியார் ஜன்னலைக் காட்டினார். காது சிவந்துவிட்டது.

"கேட்டீங்களா?"

"கேட்டா... வேலைய விட்டுட்டு போஸ் குடுப்பாருன்னு..."

"நெஜமாவே அதுக்குத்தானா?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். "என்னன்னு கேக்கறதுன்னு தெரியலக்கா. நாலு நாள் போனேன். நாலு நாளும் சாவி வெட்டிக்கிட்டு வந்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. படத்தைத் தனியாக எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"இருபத்திநாலு."

"அக்கா, விடுங்க," என்றார் டாக்டர். "நானே ஒத்துக்கறேன். யாரு கேக்கப் போறா? உங்க சுவத்தை நீங்களே இடிக்கிறீங்களே!"

"அவரு கேப்பாரு. சுவத்துல தன் மூஞ்சியப் பாத்துட்டு, இது எப்ப எடுத்தீங்கன்னு கேப்பாரு. நானா பதில் சொல்றது? மணி என்ன?"

"நாலு முப்பத்தி மூணு."

மூலையில் பிரிண்டர் இருந்தது. ஒரு படம் வெளிவர ஆறு நிமிடம். வாத்தியாரின் கேமராவை அக்கா வாங்கி, முழங்கை நீளத்துக்கு இருந்த லென்ஸைத் திருகிக் கழற்றினார். தன் பையிலிருந்த, கிட்டே நின்றால்தான் முகம் பிடிக்கும் குட்டி லென்ஸை மாட்டினார். "வாங்க," என்றார். மாடியிலிருந்து இறங்கும்போதும் தெருவைக் கடக்கும்போதும் வாத்தியாரின் முழங்கையை விடவில்லை. மேலே ஜன்னலில் டாக்டரும் பறவைக்காரர்களும் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

சாவிக்காரர் தலை நிமிரவில்லை. அரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. "வாங்க சார். இன்னிக்கு எந்தப் பூட்டு?"

வாத்தியார் வாயைத் திறந்தார். சட்டைப்பைக்குள் கை தானாகப் போய் வீட்டுச் சாவியைத் தொட்டது.

அக்காவுக்கு எல்லாம் தெரிந்தது. குடை நிழல் இன்னும் ஒரு சாண் விலக வேண்டும். வாத்தியார் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். சாவிக்காரரிடம் என்ன சொன்னால் தோள் இறங்கும் என்பதுகூடத் தெரிந்தது. சொற்கள் பல்லுக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றன. மணி நாலு நாற்பது. வாத்தியார் தலையைத் திருப்பி, நீங்களே கேட்டுவிடுங்களேன் என்று கண்ணால் கெஞ்சினார்.

அக்கா நீள லென்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு, இருவருக்கும் முதுகைக் காட்டித் தெருப்பக்கம் திரும்பி நின்றார். பின்னால் வாத்தியாரின் குரல் எழுந்து, அரம் ஓடுகிற சத்தம் நிற்கும்வரை அவர் திரும்பவே இல்லை. நின்ற பிறகும் திரும்பவில்லை.