ராமசுப்ரமணியன் நிரப்பிய படிவம்

எங்கள் செக்‌ஷனில் ராமசுப்ரமணியனை யாருக்கும் பெரிதாகப் பிடிக்காது. எனக்கும்தான். தில்லி சரோஜினி நகர் வீட்டிலிருந்து லோதி ரோடு ஆபீசுக்கு முப்பது வருடமாகச் சைக்கிள். அடுத்தவர் எழுதிய நோட்டில் ஒரு கமா விட்டுப்போயிருந்தாலும் ஃபைலைத் திருப்பி அனுப்புவார். அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு படிவத்தைத் தப்பாக நிரப்பினார். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

1739-இல் தில்லியைச் சூறையாட வந்த பாரசீக ராஜா, அள்ளியதை அள்ளிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தால் நமக்கு இந்தத் தலைவலியே இல்லை. சனியன், செங்கோட்டையிலேயே செத்தான். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தான். அன்றிலிருந்து வருடத்துக்கு ஓர் ஆள் கேட்கிறான். வெள்ளைக்காரன் ஒரு வருடம் தர மறுத்துப் பார்த்தான். ஒரே பகலில் சாந்தினி சௌக்கில் ஒரு உயிர் மிச்சமில்லை. அதற்கப்புறம் எந்த சர்க்கார் வந்தாலும் மார்ச் மாதம் குலுக்கல் போட்டு ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துவிடும். அந்த வீட்டில் யார் போவது என்பதை வீட்டாரே முடிவு செய்யலாம். கருணை அவ்வளவுதான்.

போன வருடக் குலுக்கலில் ராமசுப்ரமணியன் வீடு வந்தது. வீட்டில் மூன்றே பேர்: அவர், மனைவி அனந்தலக்ஷ்மி, பி.காம். இரண்டாம் வருடம் படித்த மகள் ஹம்சா.

"நான்தான் போறேன். இதுல பேச என்ன இருக்கு?" என்று சாட்சிக் கையெழுத்துக்காகப் படிவத்தை என் மேஜையில் வைத்தார்.

அதில் ஒரே கட்டம்: போகிறவரின் குடும்பப் பெயர். கோட்டைக்காரன் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் முதலெழுத்து, அப்புறம் நம் பெயர். தில்லியில் பேங்கோ கேஸ் கனெக்‌ஷனோ, அந்தக் கட்டத்தில் நம் பெயரையே எழுதிவிட்டுப் போவோம். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது அவர்கள் பெயருக்குப் பின்னாலும் அதையே ஒட்டிவிடுவோம். அவரும் வழக்கம்போல 'ராமசுப்ரமணியன்' என்று எழுதினார்.

"சரியா இருக்கா பாரும்."

"அச்சா, டீக் ஹை, சரியாத்தான் இருக்கு," என்றேன். என் மகன் நரேனின் சான்றிதழிலும் என் பெயர்தான் பின்னால் நிற்கிறது. எனக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மார்ச் இருபத்திரண்டு, நண்பகல். விபூதி இட்டுக்கொண்டு கோட்டை வாசல் முன் நின்றார். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். உள்ளிருந்து குரல் வந்தது: "ராமசுப்ரமணியன்." அவர் போய்க் கதவைத் தொட்டார். திறக்கவில்லை.

ஹம்சா கயிற்றுக்கு அடியில் குனிந்து நடக்க ஆரம்பித்தாள்.

"அப்பா, கால் தானா போறது. என்னைப் பிடிச்சுக்கோ. ப்ளீஸ், ரோகோ, நிறுத்துப்பா."

அவர் கட்டிப்பிடித்தார். நான் பிடித்தேன். நாலு போலீஸ்காரர்கள் பிடித்தார்கள். எங்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டே போனாள். அவள் அளவுக்கு மட்டும் கதவு திறந்து, மூடியது.

சர்க்காரின் விளக்கம் மறுநாள் வந்தது. அப்பா பெயராக வந்து ஒட்டுவதுதான் குடும்பப் பெயர். அவருக்கு அது வைத்யநாதன். ராமசுப்ரமணியன் என்பதை அப்பா பெயராகச் சுமந்தவள் அந்த வீட்டில் ஹம்சா ஒருத்திதான்.

தன்னை எடுத்துக்கொண்டு அவளை விடச் சொல்லி மனு மேல் மனு போட்டார். ஆள் கொடுத்த வீட்டுக்கு நிரந்தர விலக்கு என்று பதில் வந்தது. அனந்தலக்ஷ்மி சோறு போடுகிறாள், பேசுவதில்லை. கையெழுத்துப் போட்டவன் நான்தானே என்று ஒருநாள் அவரிடம் அழுதேன். "நீர் என்ன ஓய் பண்ணுவீர்," என்றார். திட்டியிருக்கலாம். திட்டு வாங்கினால் எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

ஆள் கொடுத்தவர்கள் மறுபடி கோட்டைப் பக்கம் போவதில்லை. இந்த மார்ச்சில் அவர் போனார், துணைக்கு நானும். இந்த வருடம் போக வேண்டியவர், துவாரகா காலனிக் கிழவர் ஒருவர், வாசலில் காத்திருந்தார். நண்பகலில் உள்ளிருந்து "குரானா" என்று அவர் குடும்பப் பெயரைக் கூப்பிட்டது ஹம்சாவின் குரல். எப்போதும் சளி பிடித்தாற்போலிருக்கும் அவள் குரலேதான். வருடா வருடம் கூப்பிடுவது முந்தின வருடம் உள்ளே போனவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இதோ வந்துட்டேன்டி," என்று ராமசுப்ரமணியன் ஓடினார். கிழவர் அவரைத் தாண்டி உள்ளே போனார். கதவு மூடியது. அவர் கதவில் கன்னத்தை வைத்து, "நான்தான்டி தப்பா எழுதிட்டேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.