எட்டு வருட ஜோடி

செங் என்னும் ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை பூப்பந்துப் போட்டி நடக்கும். பெண்கள் இரட்டையர் பிரிவுக்கு எங்கள் இருவரின் பெயரையும் கொடுப்பது எப்போதும் என் தோழியின் பொறுப்பு. அவள் பேக்கிங் பிரிவில் இருந்தாள், நான் டெஸ்டிங்கில். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், கேன்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது வாட்சப் குழுவில் ஜோடிகளின் பட்டியல் வந்தது. ஆறாவது வரியில் அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் அவளுடைய பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணின் பெயர். என் பெயர் எங்கேயும் இல்லை.

யாரோ தப்பாகத் தட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். "டீ, பேர மாத்திப் போட்டுட்டாங்க, போய் சொல்லுலா" என்று அவளுக்கு எழுதினேன். அவள் படித்துவிட்டாள் என்பது தெரிந்தது. பதில் வரவில்லை. இடைவேளை முடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோற்றை அப்படியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு லைனுக்குத் திரும்பினேன்.

நாங்கள் இருவரும் ஜாசினுக்கு வெளியே ஒரே செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இரண்டு அப்பாக்களும் குலை வெட்டியவர்கள். பிறகு இரண்டு குடும்பமும் தோட்டத்தை விட்டு ஜாசினில் வேறு வேறு டாமான் குடியிருப்புகளுக்கு மாறிப் போனது. பள்ளிக்கூடம் மட்டும் மாறவில்லை. பதினேழு வயதில், படிவம் ஐந்து படிக்கும்போது, மாவட்டப் போட்டிக்கு ஒரு ஜோடி குறைகிறது என்று விளையாட்டு ஆசிரியை வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒரே உயரம். அதற்காகவே எங்களைக் கூப்பிட்டார். முதல் ஆட்டத்தில் மூன்று புள்ளிதான் எடுத்தோம். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் நன்றாகத் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்தப் பந்தை எங்கே விட்டோம் என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தேன். எனக்கு அந்த ஆட்டம் அன்றைக்குப் பிடித்துப்போனது.

அதற்கு முன்னால் எதன்மேலும் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்ததில்லை. புதுப் பந்துக் குழாயைத் திறந்ததும் வருகிற இறகு வாசனை பிடிக்கும். ரேக்கெட் பிடியில் நாடாவைச் சுருக்கமில்லாமல் சுற்றுவது பிடிக்கும். ஈரத்தரையில் சப்பாத்து கிறீச்சிடும் சத்தம்கூடப் பிடிக்கும். வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஆட்ட வீடியோக்களாகப் பார்ப்பேன். நல்ல அடி ஏதாவது வந்தால் பக்கத்தில் தூங்குகிறவளை எழுப்பிக் காட்டுவேன். அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, "ம், சூப்பர்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஜாசின் டேவான் மண்டபத்தில் ஒரு கோர்ட்டை இரண்டு மணி நேரத்துக்கு எடுப்போம். அவள் முன்னால் வலைக்குப் பக்கத்தில் நிற்பாள். நான் பின்னால். அவளுக்குக் கை மென்மை, எனக்குத் தோள் பலம். அதனால் அப்படித்தான் அமைந்தது. எட்டு வருடமும் நான் அதிகம் பார்த்தது அவள் முதுகை, இடமும் வலமும் ஆடும் குதிரைவாலை, வேர்வையில் ஒட்டிக்கொள்ளும் சட்டையை.

ஆட்டம் முடிந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுவோம். அவள் ஏதேதோ பேசுவாள். அண்ணன் பிள்ளை நடக்க ஆரம்பித்தது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது. நான் ஒரு கையால் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அந்தக் கடைசிப் பந்துல நீ ஏன் இடது பக்கம் போன?" என்பேன். ஒருமுறை கேக் அலங்கார வகுப்பில் சேரப் போவதாகச் சொன்னாள். ஞாயிறு காலை வகுப்பு. "ஞாயித்துக்கிழமையா? அப்ப டேவான் என்னாவறது?" என்று கேட்டேன். அவள் பாலில்லாத ஐஸ் தேநீரை, தே ஓ ஐஸை, கலக்கினாள். "சரி விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வருடம் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு பொது விடுமுறை நாளில் நாலைந்து பேராகச் சேர்ந்து கோலா சுங்கை பாரு கடற்கரைக்குப் போனோம். மீனவர்களின் படகுகள் ஒதுங்கிக் கிடக்கும் கரையில், வலை இல்லாமல், கோடு இல்லாமல் நானும் அவளும் பந்தடித்தோம். அடித்த பந்தைக் கடல் காற்று தூக்கி, அடித்தவர் தலைமேலேயே போட்டது. இரண்டு பேரும் மணலில் விழுந்து கிடந்தோம். அன்றைக்கு ஒரு ஆட்டம்கூட ஒழுங்காக ஆட முடியவில்லையே என்று நான் வருத்தப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

தொழிற்சாலையில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கோர்ட்டைப் படமாக வரைந்து, என் இடத்தை நீல மையில், அவள் இடத்தைச் சிவப்பு மையில் குறிப்பேன். எங்கே தப்பு நடந்ததோ அங்கே ஒரு பெருக்கல் குறி. எழுதி முடித்ததும் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவேன். அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்புவாள். அந்த நோட்டில் என் தப்புகளும் இருந்தன. ஆனால் பின்னால் எடுத்துப் புரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலான பெருக்கல் குறிகள் சிவப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தன.

பட்டியல் வந்த அன்று மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறினேன். அவள் வழக்கமான இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் கேட்டைத் தாண்டியதும் அவளே பேசினாள்.

"பட்டியலப் பாத்தியா?"

"பாத்தேன். யாரோ தப்பாப் போட்டுட்டாங்க."

"யாரும் தப்பாப் போடல. நாந்தான் அப்படிக் குடுத்தேன்."

"போன மாசம் வந்த முட்டி வலியாலயா? அதான் சரியாயிடுச்சேலா" என்றேன்.

"முட்டி இல்லடி." அவள் முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒங்கூட வெளாண்டா எனக்குப் பயமா இருக்கு. பந்து வர்றதுக்கு முன்னாலயே நீ பின்னாலேர்ந்து கத்துற. எடது, எடது, விடு, விடுன்னு. நான் அடிக்கிறது எதுவும் நான் அடிக்கிற மாதிரியே இல்ல. வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு வந்தா அந்த நோட்டுப் படம் வந்திருக்கும். சனிக்கெழம ராத்திரி டேவான நெனச்சா எனக்குத் தூக்கமே வராது."

"நம்ம ரெண்டு பேரும் நல்லா வரணும்னுதானடி..."

"தெரியும். அதனாலதான் இவ்ளோ வருஷம் வாயத் தொறக்கல. கோலா சுங்கை பாருல வெளாண்டோமே, அன்னிக்கு ஒரு நாள்தான் நீ ஒண்ணும் சொல்லல."

இதைச் சொல்லும்போது அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலைவலி இருக்கிறது என்று சொல்வதைப்போல் சொன்னாள். நான்தான் அதைத் தாங்கமாட்டாமல் ஒரு வார்த்தையை விட்டேன்.

"அப்ப எட்டு வருஷமா எங்கிட்ட நடிச்சியா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் இறங்கும் இடம் எனக்கு இரண்டு நிறுத்தம் முன்னால். எழுந்தபோது வழிவிட என் முழங்காலை ஒதுக்கினேன். "வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மறுநாளிலிருந்து அவள் பின்வரிசையில், அந்தப் புதுப் பெண்ணோடு உட்கார்ந்தாள்.

வீட்டில் நான் சாப்பிடாமல் இருந்ததை அம்மா இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார். துணி மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"என்னடி ஆச்சு? யாராச்சும் பையனா? பயப்படாம சொல்லு."

"பையன்லாம் இல்லம்மா. இனிமே அவ என்கூட வெளாட மாட்டாளாம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிம்மதிச் சிரிப்பு. "இவ்ளோதானா? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். சின்னப் புள்ளைங்க மாதிரி. நாளைக்கே பேசிக்குவீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி துணியை மடிக்க ஆரம்பித்தார். அம்மாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருத்தன் ஏமாற்றிவிட்டுப் போயிருந்தால் சொல்வதற்கு வார்த்தை இருந்திருக்கும், அத்தைகள் வந்து ஆறுதல் சொல்லியிருப்பார்கள். ஒரு தோழி இனி உன் பக்கத்தில் நிற்கமாட்டேன் என்று சொன்னதை யாரிடம் எப்படிச் சொல்வது? அதுவும் அவள் சொன்ன காரணம் நியாயமாக இருக்கும்போது? குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

போட்டி ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பத்து மணிக்குமேல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செங்குக்குப் போனேன். போட்டி நடந்த மண்டபத்தின் பக்கவாட்டில், தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

போட்டியில் அவள் ஆடும்போது அவள் முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சர்வீஸ் போடும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்கிறாள். பந்து வலையில் பட்டு இந்தப் பக்கமே விழுந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். அந்தப் புதுப் பெண் நன்றாக ஆடவில்லை. பின்னால் நின்றுகொண்டு சுலபமான பந்துகளைக்கூடக் கோட்டுக்கு வெளியே அடித்தாள். ஒரு பந்துக்கு இருவருமே ஓடி, ரேக்கெட்டும் ரேக்கெட்டும் மோதி, பந்து நடுவில் விழுந்தது. நானாக இருந்தால் அந்த இடத்தில் கத்தியிருப்பேன். அவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நடுவர் கையைக் காட்டிக் கூப்பிடும்வரை சிரித்தாள்.

கால் இறுதியில் தோற்றுவிட்டார்கள். நாங்கள் ஒருமுறை அரையிறுதிவரை போயிருக்கிறோம். என் மனம் உடனே இந்தக் கணக்கைத்தான் போட்டது. அதை நினைத்து அங்கேயே வெட்கமாக இருந்தது. அவள் தண்ணீர் எடுக்க இந்தப் பக்கம் வருவாள் என்று தோன்றியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. போனில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் ஒரு நாள் பேக்கிங் பிரிவின் லாக்கர் அறை வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "பஸ்ல அப்படிக் கேட்டது தப்பு. நோட்டு அனுப்புனது, கத்துனது, எல்லாமே தப்பு. ஒனக்கு எப்படி இருக்கும்னு ஒரு தடவகூட நான் கேட்டதில்ல. மன்னிச்சிடுடி" என்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததால் வேகமாகச் சொல்லிவிட்டேன்.

"ஐயோ, அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்லா. நீ இன்னும் அதையே நெனச்சிக்கிட்டு இருக்கியா?" என்றாள். புன்னகையோடுதான் சொன்னாள். பூனைகளைப் பற்றி, அண்ணன் பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் லாக்கர் சாவியைத் தேட ஆரம்பித்தாள். எனக்கும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜோகூரில் வேலை செய்கிறவர். அவளும் அவள் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்து தட்டில் வைத்து அழைப்பிதழ் கொடுத்தார்கள். அம்மா பெருமையோடு என்னைப் பார்த்தார், நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்பதுபோல. அலோர் காஜாவில் மண்டபம். நான் சேலை கட்டிக்கொண்டு போய், வரிசையில் நின்று, மேடையேறினேன். அவள் என் கையைப் பிடித்து, மாப்பிள்ளையிடம், "என்கூட ஸ்கூல்ல படிச்சவ" என்றாள். மூவரும் கேமராவைப் பார்த்தோம். "சாப்ட்டுட்டுப் போ, என்ன?" என்றாள். எனக்குப் பின்னால் நின்றவர்கள் நகர்ந்து வந்தார்கள்.

என்கூட ஸ்கூலில் படித்தவள். அது பொய்யில்லை. பாயசம் ஊற்றிய அக்காவிடம் போதும் என்று சொல்ல மறந்து, கிண்ணம் வழியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஜோகூருக்குப் போய்விட்டாள். ரொம்ப நாள் நான் ரேக்கெட்டைத் தொடவில்லை. இந்த வருடம் எங்கள் பிரிவில் ஒரு மலாய் அக்கா, உடம்பைக் குறைக்கவேண்டும், கூட வந்து ஆடுகிறாயா என்று கேட்டார். இப்போது ஞாயிறுகளில் அவரோடு போகிறேன். அவருக்கு இன்னும் சர்வீஸ் போடவே சரியாக வரவில்லை. நான் பின்னால் நின்று வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்பேன். "ஏன் நீ ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை? என்மேல் கோபமா?" என்று போன வாரம் மலாயில் கேட்டார். இல்லை அக்கா, என் பழக்கமே அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் என் தோழியின் பிறந்தநாள். காலையில் நீளமாக ஏதோ எழுதி, அழித்துவிட்டு, வாழ்த்து மட்டும் அனுப்பினேன். மத்தியானம் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தாள். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாள். அம்மா நல்லா இருக்காங்க என்று எழுதி அனுப்பினேன். பிறகு நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாளோ என்று, ஷிப்ட் முடியும்வரை போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

கேட்கவில்லை.